‘அருமை’ என்று மட்டும் எழுதாமல்: இசைவிழாக் கச்சேரிகளைக் கேட்டு எழுதப் புதிதாக வருகிறவர்களுக்கு

கச்சேரி முடிந்து வெளியே வருகிறோம். காதில் இன்னும் மங்களம் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தால் கைக்கு வருவது ஒரே சொல்: ‘அருமை’. அடுத்து ‘ரசிகர்களைக் கட்டிப்போட்டார்’. அதற்கடுத்து ‘கரவொலி விண்ணைப் பிளந்தது’. இந்த மூன்றையும் எந்தக் கச்சேரிக்கும் எழுதலாம். கச்சேரிக்குப் போகாமலேகூட எழுதலாம். இரண்டரை மணி நேரம் மேடையில் உழைத்தவருக்கு இது போதாது. வர முடியாமல் வீட்டிலிருந்து படிக்கிறவருக்கும் இதில் ஒன்றும் கிடைக்காது. மதிப்புரை என்பது சாட்சி சொல்வது. இன்ன இடத்தில் உட்கார்ந்திருந்தேன், இன்னது என் காதில் விழுந்தது, அதனால் இப்படி நினைக்கிறேன். தீர்ப்பு கடைசியில்தான் வர வேண்டும்.

சிங்கப்பூரில் கேட்பதற்குக் குறைவில்லை. நமக்குக் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆனாலும் ஏப்ரலில் தமிழ்மொழி விழா, மே மாதப் புழுக்கத்தில் தொடங்கும் அனைத்துலகக் கலை விழா, ஜூன் பள்ளி விடுமுறை என்று ஆண்டின் நடுப்பகுதி நிறைந்தே இருக்கிறது. 1949இல் பிறந்த இந்திய நுண்கலைக் கழகம், நாம் சிஃபாஸ் என்று சொல்வது, 2003 முதல் இசை நடன விழா நடத்திவருகிறது. எஸ்பிளனேட் கலை மையம் 2002இல் திறந்ததிலிருந்து நவம்பர் வாக்கில் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழா நடக்கிறது. நவராத்திரி வந்தால் கோயில்தோறும் கச்சேரி. மேடைகள் உண்டு, பாடுகிறவர்கள் உண்டு. தமிழில் அக்கறையாக எழுதுகிறவர்கள்தான் போதவில்லை. நீங்கள் வர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

போவதற்கு முன்

விழா அட்டவணையைப் பார்த்ததும் எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். முதல் ஆண்டு மூன்று கச்சேரி போதும். ஒன்று உங்களுக்கு நன்கு பழகிய வகையாக இருக்கட்டும். இன்னொன்று உள்ளூர் இளைஞர்களுடையது. மூன்றாவது நீங்கள் அதிகம் கேட்டிராத வாத்தியம். நாகசுரமோ, வீணையோ, புல்லாங்குழலோ.

கலைஞர்களின் பெயரை நிகழ்ச்சிக் குறிப்பிலிருந்து முன்கூட்டியே நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கவாத்தியக்காரர்களின் பெயரையும் சேர்த்து. கடம், கஞ்சிரா வாசிக்கிறவர், பின்னால் தம்புரா போடுகிற மாணவி வரைக்கும். அச்சிட்ட குறிப்பில் இருப்பவர் வராமல் வேறொருவர் வாசிப்பதும் உண்டு. அதனால் மேடை அறிவிப்பைக் கவனித்துச் சரிபாருங்கள். நான் எழுதத் தொடங்கிய புதிதில் ஒரு மிருதங்கக் கலைஞரின் பெயருக்குப் பதிலாக, வராதவரின் பெயரை எழுதிவிட்டேன். அந்த இளைஞருக்கு அது முதல் பெரிய மேடை. அவருடைய அம்மா கோயிலில் என்னைப் பார்த்து, “பரவாயில்லைங்க, அடுத்த தடவை சரியா போட்டுடுங்க” என்றார். அவர் குரலை உயர்த்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கர்நாடகக் கச்சேரி என்றால் அதன் அடுக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வர்ணம் என்ற வகைப் பாட்டில் தொடங்கி, சிறிதும் பெரிதுமாகக் கிருதிகள், நடுவில் விரிவான ஒரு முக்கியப் பாடல், அதில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், பிறகு துக்கடாக்கள் என்ற சிறு பாடல்கள், முடிவில் மங்களம். இந்த ஒழுங்கை இன்றைய வடிவில் நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). அடுக்கு தெரிந்தால்தான் பாடகர் எங்கே அதை மீறுகிறார் என்பது தெரியும். மீறுகிற இடம் பெரும்பாலும் எழுத வேண்டிய இடமாக இருக்கும்.

எங்கே உட்காருவது

முன்வரிசை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நினைப்போம். கேட்டு எழுதுவதற்கு அது நல்ல இடமில்லை. ஒலிபெருக்கி இரண்டு பக்கமும் இருக்கும். முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தால் ஒரு பக்கத்து ஒலிபெருக்கிதான் காதை நிறைக்கும். ஒருமுறை இடது ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, “வயலின் அடங்கி ஒலித்தது, துணிவில்லை” என்று எழுதினேன். நடுவில் உட்கார்ந்திருந்த நண்பருக்கு வயலின் தெளிவாகக் கேட்டிருக்கிறது. குறை என் இருக்கையில் இருந்தது. நான் அதை ஒரு கலைஞரின் தலையில் ஏற்றிவிட்டேன். அன்றிலிருந்து எங்கே உட்கார்ந்தேன் என்பதை நோட்டின் முதல் வரியில் எழுதாமல் நான் தொடங்குவதில்லை.

அரங்கின் பின்பாதியில் ஒலிக்கலவை மேசை இருக்கும். ஒலியமைப்பாளர் கேட்டுச் சரிசெய்வது அங்கிருந்துதான். அதற்கு முன்னால் இரண்டு மூன்று வரிசை, நடுவில். அதுதான் இடம். எஸ்பிளனேட் இசையரங்கம் ஏறத்தாழ 1,600 பேர் அமரக்கூடியது. ஒலிபெருக்கி இல்லாத பெரிய வாத்தியக் குழுவுக்கு ஒலி நன்றாக விரியும்படி கட்டியிருக்கிறார்கள். மேடைக்கு மேலே தொங்கும் விதானத்தை ஏற்றி இறக்கலாம், திரைகளைப் போட்டு எதிரொலியைக் குறைக்கலாம். அப்படிப்பட்ட அரங்கில் மிருதங்கத்துக்கு ஒலிவாங்கியை அதிகம் திறந்துவிட்டால் அதன் தாளச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். அதே கலைஞர் 200 பேர் அமரும் சிற்றரங்கில் வாசித்தால் விரல் நுனி வரை கேட்கும். சமூக மன்றத்துப் பல்நோக்கு மண்டபம் வேறு கதை. அங்கே குளிர்சாதனத்தின் இரைச்சலே ஒரு சுருதிபோல நிற்கும். கேட்டதில் கலைஞரின் பங்கு எது, அரங்கின் பங்கு எது என்று பிரித்துப் பார்ப்பது எழுதுகிறவரின் முதல் வேலை.

கையில் என்ன வேண்டும்

சிறு நோட்டு, பென்சில். கைப்பேசியில் குறிப்பெடுக்காதீர்கள், இருட்டில் அதன் வெளிச்சம் நான்கு வரிசைக்குத் தெரியும். ஒலிப்பதிவு செய்ய அனுமதி இல்லாத இடத்தில் செய்யவே கூடாது. அனுமதி இருந்தாலும் வேண்டாம் என்பேன். பதிவு கையில் இருக்கிறது என்றால் காது சோம்பிவிடும்.

எதைக் கேட்பது

முதலில் சுருதி. தம்புரா ஒலியில் உங்கள் காதை ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு பாடகர் நீளமாக ஒரு சுரத்தில் நிற்கும்போது அது தம்புராவோடு சேர்ந்து கரைகிறதா, தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். இதற்கு இசை இலக்கணம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. தொட்டிலில் தாலாட்டுக் கேட்ட காது போதும்.

தாளத்தைத் தொடையில் போட்டுக்கொண்டே கேளுங்கள். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. பாட்டு தட்டிலேயே தொடங்குகிறதா, கொஞ்சம் தள்ளி எடுக்கிறதா என்று மட்டும் முதலில் கவனித்தால் போதும். பாடகர் கற்பனைச் சுரம், அதாவது அப்போதைக்கப்போது கட்டும் சுரக் கோவைகள், பாடிச் சுற்றிச் சுற்றி வந்து, பாட்டு தொடங்கும் அந்த எடுப்பில் சரியாக இறங்கும்போது அரங்கில் தலைகள் ஆடும். ஏன் ஆடுகின்றன என்பது உங்கள் கைக்குத் தெரிந்திருக்கும்.

ராகம் புதியவர்களைப் பயமுறுத்தும். தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் சுர வரிசையில் வேறுபடுவது மத்தியமம் (ம) ஒன்றுதான். மோகனம், இந்தோளம் இரண்டும் ஐந்து சுரம், ஆனால் இந்தோளத்தில் ரிஷபமும் (ரி) பஞ்சமமும் (ப) கிடையாது. கேட்டுக் கேட்டுத்தான் இது பிடிபடும். அதுவரை இடைவேளையில் ஏற்பாட்டாளரையோ, கச்சேரி முடிந்ததும் பக்கவாத்தியக்காரரையோ கேளுங்கள். மகிழ்ச்சியோடு சொல்வார்கள். கேட்பது தாழ்வில்லை. தோடியைப் பைரவி என்று அச்சேற்றுவதுதான் தாழ்வு.

தமிழ்ப் பாடல்களில் சொல்லைக் கேளுங்கள். இங்கே நம் பிள்ளைகள் பலர் பாடல் வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக் கற்கிறார்கள். அதில் ல, ள, ழ மூன்றும் ஒரே எழுத்து. மேடையில் அது அப்படியே வெளிவரும். தாளத்துக்காகச் சொல்லைத் தவறான இடத்தில் உடைத்துப் பொருள் கெடுவதும் உண்டு. இதைக் கடுமையில்லாமல், ஆனால் தவறாமல் குறிப்பிட வேண்டும். நாமும் சொல்லாவிட்டால் இந்த ஊரில் வேறு யார் சொல்வார்கள்? ழகரத்தை அழகாகச் சொல்லிப் பாடுகிற பிள்ளையைப் பாராட்டவும் மறக்காதீர்கள்.

இப்போது மிருதங்கம். இதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். தோல் ஈரத்தை உறிஞ்சித் தளரும், சுருதி இறங்கும். குளிரூட்டிய அரங்குக்குள் வந்தால் உலர்ந்து இறுகும், சுருதி ஏறும். அதனால்தான் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மிருதங்கக்காரர் கல்லையும் கட்டையையும் எடுக்கிறார். வலப்பக்கத் தலையான வலந்தலையின் விளிம்புப் பின்னலில் மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து மேல்நோக்கித் தட்டினால் இறங்கும். வாத்தியத்தை மடியில் சுற்றிச் சுற்றி ஒவ்வோர் இடமாகத் தட்டி, விரலால் மெல்ல மீட்டிப் பார்த்து, தம்புராவோடு ஒப்பிடுவார். ஒரு முறை தட்டி வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்பார் பாருங்கள், அந்த முகத்தைக் கவனியுங்கள். பொறுமையில்லாதவர்கள் அதைத் தாமதம் என்பார்கள். எனக்கு அதுவும் கச்சேரிதான். நீர்முகப்புத் திறந்த மேடையில், மழைக்கு முந்திய காற்றில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் சுருதியைக் காப்பாற்றி வாசித்தால் அது எழுத வேண்டிய செய்தி.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பலர் எழுந்து வெளியே போவார்கள். நீங்கள் எழாதீர்கள். ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: தாளத்தை விடாமல் போடுங்கள். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கிற நீளம் குறைந்துகொண்டே வருவது தெரியும். அதற்குப் பெயர் குறைப்பு. பிறகு இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை என்ற முடிவுக் கோவைகளால் முடித்துப் பாட்டின் எடுப்பில் கொண்டுவந்து விடுவார்கள். அந்த இடத்தில் உங்கள் கையும் அவர்கள் கையும் ஒன்றாக விழுந்தால், அதன்பிறகு உங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

விழாவில் மெல்லிசை, கலப்பிசை, இளைஞர்களின் இசைக்குழு எல்லாமும் இருக்கும். அங்கே ராகம் தேடாதீர்கள். குரலும் கிட்டாரும் டிரம்சும் ஒன்றையொன்று விழுங்காமல் இருக்கின்றனவா, பழைய பாட்டை அப்படியே நகல் எடுக்கிறார்களா, தங்கள் கையால் எதையாவது சேர்த்தார்களா, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் எப்படிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். எஸ்பிளனேட் நடத்தும் பேபீட்ஸ் இசைவிழாவில் இளம் எழுத்தாளர்களை மூத்தவர்களோடு சேர்த்துப் பயிற்றுவித்திருக்கிறார்கள். அதுபோன்ற வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

பார்வையாளர்களையும் ஓரக்கண்ணால் பாருங்கள். நம் ஊரில் இசைவிழா என்றால் எல்லா இனத்தவரும் வருவார்கள். மோகனத்தின் ஐந்து சுர அடுக்கு சீன இசையிலும் பழகிய ஒன்று. ஒரு புல்லாங்குழல் கச்சேரியில் மோகனம் தொடங்கியதும் எனக்குப் பக்கத்தில் இருந்த சீன முதியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தமக்குத் தெரிந்த ஒருவரைக் கூட்டத்தில் கண்டதுபோல இருந்தது அவர் முகம். கச்சேரியில் நடந்தவற்றில் அதுவும் ஒன்று. அதனால் எழுதினேன்.

அன்றிரவே

குறிப்பை அன்றிரவே விரித்து எழுதுங்கள். தூங்கி எழுந்தால் பாதி போய்விடும். எம்ஆர்டி ரயிலில் இடம் கிடைத்தால் அங்கேயே தொடங்கலாம். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது:

“7.52. காம்போதி ஆலாபனை. தைவதத்தில் 3 தரம் நின்று திரும்பினார். 4ஆம் தரம் மேல் ஸ. வயலின் தொடரவில்லை, வில் மடியில். முன்வரிசை அம்மா கைப்பேசியைக் கைப்பைக்குள் வைத்தார்.”

இதை வைத்துக்கொண்டு, “காம்போதியை அற்புதமாகப் பாடி அனைவரையும் மெய்ம்மறக்கச் செய்தார்” என்று எழுதியிருக்கலாம். நான் எழுதியது இது:

“காம்போதியில் மேல் ஸட்ஜத்தை எட்ட அவர் அவசரப்படவில்லை. மூன்று முறை தைவதம் வரை ஏறினார்; மூன்று முறையும் அங்கே கொஞ்சம் இளைப்பாறிவிட்டுக் கீழே இறங்கினார். நான்காவது முறை மேல் ஸட்ஜம் வந்தபோது வயலின் கலைஞர் அதைத் தொடராமல் வில்லை மடியில் வைத்துக் காத்திருந்தார். அதுவரை கைப்பேசியில் தட்டிக்கொண்டிருந்த முன்வரிசைப் பெண்மணி அதை உள்ளே வைத்துவிட்டார். அந்த அரை நிமிடம் அரங்கம் முழுதும் ஒரே சுரத்தில் நின்றது.”

இரண்டாவதில் ‘அற்புதம்’ இல்லை. வராதவருக்கும் ஏதோ கேட்கும். உங்கள் நோட்டில் இப்படி மூன்று இடம் இருந்தால் மதிப்புரைக்குப் போதும். பாடிய வரிசையிலேயே எல்லாப் பாடலையும் பட்டியலிட வேண்டாம். உங்களை மிகவும் அசைத்த இடத்தில் தொடங்குங்கள், மற்றவை அதைச் சுற்றி வந்து சேரும். நானூறு ஐந்நூறு சொல்லுக்கு மேல் போனால் வெட்டுங்கள்.

குறையைச் சொல்வது

இதுதான் கடினம். நம் சமூகம் சிறியது. இன்று எழுதினால் நாளை தேக்காவில் காய்கறி வாங்கும்போது அந்தக் கலைஞரையே பார்ப்போம். அவருடைய மாணவி உங்கள் அண்ணன் மகளாகவும் இருப்பாள். அதற்காகக் குறையை மறைத்தால், நீங்கள் எழுதும் பாராட்டையும் யாரும் நம்பமாட்டார்கள்.

குறையை அது நடந்த இடத்தோடு சொல்லுங்கள். “சுருதி சேரவில்லை” என்பது ஆளையே தூக்கி எறிவது. “மேல் பஞ்சமத்தில் இரண்டு இடங்களில் சுருதி சற்று இறங்கியது, கீழே வந்ததும் சேர்ந்துவிட்டது” என்றால் அவர் நாளைக்கே தம்புராவை வைத்துக்கொண்டு அந்த இடத்தைச் சாதகம் செய்யலாம். தோற்றம், உடை, உடல்வாகு பற்றி எழுதாதீர்கள். பாராட்டாகக்கூட வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் என்றால் தனிப்பட்ட ஒரு குழந்தையின் தவற்றைப் பெயரிட்டு எழுத வேண்டாம். குழுவாகச் சொல்லுங்கள், அல்லது ஆசிரியரிடம் நேரில் சொல்லுங்கள். நுழைவுச்சீட்டுக்கு நாற்பது, ஐம்பது வெள்ளி வாங்கும் தொழில்முறைக் கச்சேரிக்கு அந்தச் சலுகை கிடையாது.

கல்கி ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் கச்சேரிகளைப் பற்றி எழுதினார். பிறகு சுப்புடு என்ற இசை விமர்சகர் வந்தார். அவர் பேனாவுக்கு வித்துவான்கள் அஞ்சினார்கள். புதிதாக எழுத வருகிறவர்கள் சுப்புடுவின் கடியை மட்டும் எடுத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். அவர் ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர். காது முதலில் வந்தது, கடி பிறகு வந்தது. நாம் காதைத் தேடிப் போவோம்.

பாடுகிறவர் உங்கள் உறவினரோ, உங்கள் பிள்ளையின் ஆசிரியரோ என்றால் அந்தக் கச்சேரியை எழுதாதீர்கள். எழுதியே ஆக வேண்டும் என்றால் உறவை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். இலவசச் சீட்டில் போயிருந்தால் அதையும்.

அனுப்புவதற்கு முன்

பெயர், எழுத்துக்கூட்டு, ராகம், தாளம், வாத்தியம், தேதி, அரங்கு. ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்துச் சரிபாருங்கள். பாடல் வரியைக் காட்ட வேண்டுமானால் ஒன்றிரண்டு வரி போதும், இயற்றியவர் பெயரோடு. கச்சேரிப் பதிவின் துண்டு ஏதாவது சேர்ப்பதானால் அனுமதி வாங்குங்கள். வாசித்தவர்களின் பெயரைப் போடுங்கள். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், படைப்பாளரோடு மேடைக் கலைஞருக்கும் தம் பெயர் குறிப்பிடப்படும் உரிமையைத் தந்திருக்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் போட வேண்டிய பெயர்தான் அது.

ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். மேடையில் இருந்தவர் எதிரே உட்கார்ந்து கேட்பதாக நினைத்துக்கொண்டு படியுங்கள். அவருடைய முகத்துக்கு நேராகச் சொல்லமுடியாத வரி ஏதாவது இருந்தால், அது உண்மையானதா என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள். நோட்டில் ஆதாரம் இருந்தால் விட்டுவையுங்கள். இல்லையென்றால் அடித்துவிடுங்கள்.

பிறகு அனுப்புங்கள். தவறு என்று யாராவது சுட்டினால் அன்றே திருத்துங்கள், திருத்தியதைச் சொல்லுங்கள். நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதே கலைஞரை இரண்டு ஆண்டு கழித்துக் கேட்கப் போகும் முன் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். விழா இன்னும் நடந்துகொண்டிருந்தால், படுக்கப் போகும் முன் அடுத்த பக்கத்தைத் திருப்பி நாளைய தேதி, அரங்கு, கலைஞர்கள் பெயர், தம்புரா போடும் பிள்ளையின் பெயர் வரை எழுதி வைத்துவிடுங்கள். இருக்கை எண்ணுக்கு மட்டும் மேலே ஒரு வரி காலியாக இருக்கட்டும்.